மெஷின் ஓடிய பக்கங்கள்

— மெஷினை நிறுத்து அக்கா.

— நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முப்பது சட்டை போகணும். இப்பத்தான் காலருக்கே வந்திருக்கேன். நீ பாட்டுக்குப் பேசு, காது சும்மாதானே இருக்கு.

— இந்தச் சத்தத்துல இதைப் பேச முடியாது.

— பதினாலு வருஷமா இந்தச் சத்தத்துலதான் உன் கதையெல்லாம் வாசிச்சுக் காட்டறே. இன்னிக்கு மட்டும் என்ன ராஜ உபசாரம் கேக்குது எழுத்தாளருக்கு?

— எடிட்டரம்மா நாவலைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

— சரி, நிறுத்திட்டேன். எந்த நாவலை?

— எத்தனை வச்சிருக்கேன்? இதைத்தான். மூணு வருஷமா எழுதினதை.

— உக்காரு முதல்ல. அந்த ஸ்டூல்ல இருக்கற துணியை இந்தப் பக்கம் தள்ளு. மடிப்பு கலையாம, மெதுவா. தண்ணி குடிச்சியா? மூஞ்சியே சரியில்ல.

— தண்ணியெல்லாம் வேண்டாம். கடிதம் இருக்கு, வாசிக்கறேன், கேளு. "எழுத்தில் குறை இல்லை. ஆனால் இந்த நாவலின் நடுவிலிருந்து யாரையோ தூக்கிவிட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லோரும் அவரைச் சுற்றியே நடமாடுகிறார்கள், அவரைத்தான் காணோம். அவர் வந்தால் இது புத்தகம். வராவிட்டால் இதை அச்சுக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை. திருத்தித் தருகிறீர்களா, திரும்பப் பெற்றுக்கொள்கிறீர்களா என்று நாளை காலை பத்து மணிக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

— நல்லாத்தான் எழுதறாங்க. உன்னைவிடவே.

— அக்கா!

— சரி, சரி. யாரைத் தூக்கினே?

— சலவைக் கடைக்காரியை. அவ வர்ற தொண்ணூறு பக்கத்தையும்.

— ஏன் தூக்கினே?

— அதைத்தான் உன்கிட்டக் கேக்க வந்திருக்கேன்.

— நல்லாயிருக்கே கதை. எழுதினது நீ, எடுத்தது நீ, கேள்வி மட்டும் எனக்கா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காலரும் காஜாவும்.

— ஒரு நிமிஷம். ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. அதாவது, நான் ஞாயித்துக்கிழமை வந்து வாசிக்கறப்போ, உன் காலைத்தான் பார்த்துட்டிருப்பேன்.

— என் காலையா?

— மெஷின் மிதிமேல இருக்கற காலை. வாசிச்சுட்டே போறப்போ மெஷின் நின்னுச்சுன்னா, அந்தப் பக்கத்து ஓரத்துல சிவப்புக் கோடு போடுவேன். அந்தப் பக்கம் தங்கும். மெஷின் நிக்காம ஓடிட்டே இருந்தா, அந்தப் பக்கம் போயிடும். நாலு புத்தகமும் இப்படித்தான் வந்துச்சு.

— அப்போ நாலு புத்தகமும் என் கால் எழுதினதா? பரிசெல்லாம் வாங்கினியே, அந்தக் காலுக்கு ஒரு நல்ல செருப்பாவது வாங்கிக் குடுத்திருக்கலாமே.

— சிரிக்காதேன்னு சொன்னேன்.

— சிரிக்கலடா. நூல் தீர்ந்தா நிறுத்துவேன், ஊசி ஒடிஞ்சா நிறுத்துவேன், தும்மல் வந்தாக்கூட நிறுத்துவேன். அதுக்கெல்லாமா கோடு போட்டே?

— அது எனக்குத் தெரியாதா? நூலுக்காக நின்னா உன் கை உடனே டப்பாவுக்குப் போகும். கதைக்காக நின்னா கை துணிமேலயே இருக்கும். ஊசியைப் பார்த்துட்டே இருப்பே, ஆனா பார்க்க மாட்டே. எனக்கு அந்தப் பார்வை போதும், ஒரு மாசம் எழுதுவேன்.

— பெரிய ஆராய்ச்சிதான்.

— கேளு. சலவைக் கடைக்காரி வந்த ஒரு பக்கத்துலகூட நீ நிறுத்தல. ஒரு தடவைகூட. அவ கடையைத் திறக்கறா, ஓடறே. அவ புருஷன் போறான், இன்னும் வேகமா ஓடறே. மத்தவங்க வந்தா நிக்கறே. அவ வந்தா மட்டும் பறக்கறே. ஏன்?

— ஆர்டர் நெருக்கடியா இருந்திருக்கும்.

— மூணு வருஷமாவா?

— வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறக்குதே, என்னைக் கேட்டா திறக்கறாங்க?

— அக்கா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

— சரி, கேளு. கண்ணு மங்கிப் போச்சு. நிறுத்தினா விட்ட இடத்தை மறுபடி கண்டுபிடிக்க முடியல. அதான் நிறுத்தாம ஓட்டறேன். போதுமா?

— எப்பலேர்ந்து? ஏன் சொல்லல? டாக்டர்கிட்டக் காட்டினியா? நான் ஒருத்தன் இருக்கேன்ல?

— நீ இருக்கே, உனக்கு நாவல் இருக்கு. உனக்கெதுக்கு இந்தத் தொல்லை.

— அக்கா, உள்ள இருக்கீங்களா? என் கோட்டு ஆச்சா?

— வாங்க நர்ஸம்மா. நேத்தே ஆச்சு. அதோ, ரெண்டாவது ஹேங்கர்.

— அடடே, தம்பியும் இருக்காரா! வணக்கம் சார். போன மாசம் லைப்ரரியில நீங்க பேசினீங்கள்ல, நானும் வந்திருந்தேன். டியூட்டியை மாத்திக்கிட்டு வந்தேன். அந்த நோட்டுக் கதை எனக்கு அவ்ளோ பிடிச்சுது!

— அப்படியாங்க. சந்தோஷம்.

— பரிச்சைக்குப் போன அன்னிக்கு முதல் நாவல் எழுதின நோட்டைப் பஸ்ல விட்டுட்டீங்களாமே. நானா இருந்தா அழுதே செத்திருப்பேன். நீங்க முதல்லேர்ந்து மறுபடி எழுதினீங்க பாருங்க! "தொலைஞ்சதுல எது ஞாபகம் இருக்கோ, அதுதான் கதை"ன்னு சொன்னீங்க. டைரியில எழுதி வச்சிருக்கேன் சார்.

— அவன் ஏறின மேடையிலெல்லாம் அதைத்தான் சொல்றான். கேட்டுக் கேட்டு இந்த மெஷினுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கோட்டைப் போட்டுப் பாருங்க நர்ஸம்மா, தோள் சரியா இருக்கா?

— உங்க கை பட்டா சரியா இல்லாம போகுமா? சார், உங்க அக்காவுக்குக் கண்ணா அது? போன வாரம் இந்த இருட்டு மூலையில நின்னுட்டு, கண்ணாடிகூட இல்லாம, ஒரே தடவையில ஊசியில நூலைக் கோத்துக் குடுத்தாங்க. எனக்கு நாலு தடவையும் நுழையல, அவங்கள்ல பாதி வயசு எனக்கு!

— நர்ஸம்மா, ஷிஃப்டுக்கு நேரமாகலயா?

— ஐயையோ, ஆமா. வரேங்க்கா. வரேன் சார், அடுத்த புத்தகம் சீக்கிரம் வரட்டும்.

— கண்ணு மங்கிப் போச்சா அக்கா?

— அந்தக் கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். சொல்லு. நீ வேணும்னேதான் ஓட்டினே. நான் காலைப் பார்க்கறது உனக்குத் தெரியும்.

— ரெண்டாவது புத்தகத்துலேர்ந்தே தெரியும். வாசிக்கறவன் கண்ணு தாள்மேல இருக்கணும். உன் கண்ணு என் கால்மேல. நான் என்ன மக்கா?

— அப்போ நாலு புத்தகத்துலயும் நடிச்சிருக்கே!

— இல்லடா. அதுக்கெல்லாம் கால் தானா நின்னது. நானா நிறுத்தினதும் இல்ல, நானா ஓட்டினதும் இல்ல. இந்த ஒருத்திக்கு மட்டும்தான் மிதிச்சேன்.

— ஏன்?

— அவ நான்.

— இல்ல. அவ சலவைக் கடை வச்சிருக்கா, மாடியில தனியா—

— ஆமா, தையல் மெஷினைத் தூக்கிட்டு அந்த இடத்துல இஸ்திரிப் பெட்டியை வச்சுட்டா யாருக்கும் தெரியாது பாரு! அவ பேசறப்போ வாயோரத்துல ரெண்டு குண்டூசி வச்சிருக்கான்னு எழுதியிருக்கே. இஸ்திரி போடறவளுக்கு வாயில குண்டூசி எதுக்குடா?

— அது... கவனிக்கல.

— உள்ளங்கைத் தழும்பையும் விடல. கோணல் மாணலா ஒரு இலை மாதிரி இருக்குமாம்.

— இஸ்திரிப் பெட்டி சுட்டதுன்னு நீதான் சொன்னே. அந்தத் தழும்புலேர்ந்துதான் சலவைக் கடையே வந்துச்சு. கேட்டிருக்கணும், தப்புதான். ஆனா உன்னைக் கேவலமா எழுதல அக்கா. இதுவரைக்கும் நான் எழுதினதுலயே அவதான் நல்லா வந்தா.

— நல்லா வந்தாளா? பார்த்தவங்க எல்லாம் உச்சுக் கொட்டற மாதிரி வந்தா.

— சரி. சண்டை அப்புறம் போட்டுக்கலாம். அந்தத் தொண்ணூறு பக்கத்தைக் குடு. எடிட்டரம்மா கேக்கறது அவளைத்தான். நீ வாசிச்சு எதை மாத்தணும்னாலும் மாத்தறேன். கட்டு எங்க வச்சிருக்கே?

— நகல் இல்லையா?

— நான் என்னிக்கு நகல் எடுத்தேன்? கையால எழுதறேன், வேண்டாம்னா உன்கிட்டக் குடுக்கறேன். எங்க?

— சுவத்தைப் பாரு.

— அங்க அளவுக் காகிதம்தானே தொங்குது... அக்கா. இது என் கையெழுத்து.

— அளவுக் காகிதத்துக்கு ஆகும்னு நீதானே கட்டிக் குடுப்பே. பதினாலு வருஷமா அதுலதான் வெட்டறேன்.

— இது எட்டாம் அத்தியாயம். அவ காலையில கடையைத் திறக்கற இடம். இது எப்படி இப்படி...

— பதினாலு இஞ்ச் காலர்.

— இது அவ அழற பக்கம்!

— அரைக் கை. ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு.

— எல்லாத்தையுமா? தொண்ணூறையுமா?

— பாக்கெட்டுக்குப் போனது போக மிச்சம் கூடையில இருக்கும்.

— மூணு வருஷம் அக்கா! மூணு வருஷத்தைக் கத்திரி போட்டுட்டு எவ்ளோ சாதாரணமா சொல்றே! வெட்ட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

— கத்தாதே. நீ வேண்டாம்னு குடுத்த காகிதம் அது.

— நீ மிதிச்சதால வேண்டாம்னேன்!

— அதான் கேக்கறேன். என் காலை நம்பினியே, உன் கையை ஏன் நம்பல? எழுதறப்போ நல்லாயிருக்குன்னு உனக்குத் தோணலையா?

— தோணிச்சு.

— அப்புறம் ஏன் எடுத்தே?

— பயம். போதுமா? பயம்! எனக்கு எது நல்லாயிருக்கு, எது இல்லன்னு தெரியறதே இல்ல. பேனா எடுத்தா கை எழுதுது, நிமிர்ந்து பார்த்தா எல்லாம் குப்பையாத் தெரியுது. உனக்குத் தெரியாது, என் ரூம்ல உக்காந்தா ஒரு வரி வராது. போன வருஷம் நீ தைக்கறப்போ உன் மெஷின் சத்தத்தை ஃபோன்ல பதிஞ்சு எடுத்துட்டுப் போனேன். அது ஓடினாத்தான் எழுதறேன். அதுல ஒரு இடத்துல நீ நிறுத்தறே. அங்க வந்தா என் பேனாவும் நின்னுடும்.

— அடப்பாவி.

— சிரிப்பு வருதில்ல?

— இல்லடா. அந்தச் சத்தத்தை முதல்ல அழிச்சுடு.

— விடு. முடிஞ்சது. எடிட்டரம்மாவுக்குத் திரும்ப வாங்கிக்கறேன்னு சொல்லிடறேன். இத்தோட எழுத்தும் போதும், மேடையும் போதும்.

— ஃபோனைக் கீழ வை.

— ரெண்டே வார்த்தைதான்.

— கீழ வைடா! மறுபடி எழுது. உனக்கென்ன புதுசா? முதல் நோட்டு போனப்போ உக்காந்து எழுதினியே. அப்போ எந்தக் காலைப் பார்த்து எழுதினே? நான்கூட அந்த மாசம் கைக்கட்டோட மெஷின் பக்கமே வரல. முழுசா நீயே எழுதினே.

— அது வேற.

— என்ன வேற? தொலைஞ்சது ரொம்ப நல்லதாப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்றே. நர்ஸம்மா டைரியில எழுதி வச்சிருக்காங்க.

— அது பஸ்ல போச்சு அக்கா. பஸ்மேல யாராவது கோபப்பட முடியுமா? யாரும் எனக்கு எதுவும் செய்யல. என் மறதி, என் நோட்டு, போச்சு. அதனாலதான் மனசுல எதுவும் இல்லாம உக்காந்து எழுத முடிஞ்சது. இது நீ செஞ்சது. இனிமே பேனாவை எடுத்தா உன் கத்திரிதான் கண்ணு முன்னாடி நிக்கும். ஒருத்தர் கையால போனதை மறுபடி எழுத முடியாது.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— ஒண்ணுமில்ல. அந்த விளக்கைப் போடு, இருட்டுது.

— பேச்சை மாத்தாதே.

— சரி, மாத்தல. அந்தத் தொண்ணூறு பக்கமும் பொய்டா. அதான் வெட்ட மனசு வந்துச்சு. புருஷன் பெட்டியைத் தூக்கிட்டுப் போறானாம், அவ தூங்கிட்டிருக்காளாம், எழுந்து ஜன்னல்ல நிக்கறாளாம். ஒரு வருஷம் நிக்கறா! நான் எந்த ஜன்னல்ல நின்னேன்? அந்த வீட்ல ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. ஒரு பல்லிகூட வராது.

— அது கற்பனை அக்கா.

— கற்பனைன்னா எனக்கு ரெண்டு கொம்பு வச்சு எழுது, ஒத்துக்கறேன். அழுமூஞ்சியா எழுதாதே.

— ஆனா மாமா உன்னை விட்டுட்டுப் போனது நிஜம்தானே? அதை நான் கற்பனை பண்ணலையே?

— அவரா போகல.

— என்ன?

— நான் அனுப்பினேன்.

— என்ன சொல்றே? வேலையா வெளியூர் போயிருக்காருன்னு சொன்னே. ஒரு வாரம் கழிச்சு, இனிமே வர மாட்டாருன்னு சொன்னே. அம்மா சாகற வரைக்கும் அவரைத் திட்டிட்டே இருந்தாங்க, மகளை நட்டாத்துல விட்டுட்டு ஓடிட்டான்னு!

— திட்டினா திட்டட்டும். அவருக்கு அது வேணும்.

— அடிச்சாரா?

— இல்ல.

— வேற யாராவது...?

— போடா. அதுக்கெல்லாம் அவருக்குச் சாமர்த்தியம் ஏது?

— அப்புறம் எதுக்கு அனுப்பினே?

— சொல்ல மாட்டேன்.

— ஏன்?

— சொன்னா நீ எழுத மாட்டே.

— எப்படியும் எழுதப் போறதில்லன்னுதானே சொல்லிட்டிருக்கேன்.

— இந்தப் புத்தகத்தைச் சொல்லல. எதையும் எழுத மாட்டே. அதுக்குத்தாண்டா மிதிச்சேன். என்னைப் பத்தி நீ எழுதினதுக்காகவா? ஊரே படிக்கட்டும், எனக்கென்ன? ஆனா நீ அந்த நாளைச் சுத்திச் சுத்தியே வந்துட்டிருந்தே. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ஒரு அடி கிட்ட வந்தே. முதல்ல அவ ஜன்னல்ல நிக்கறா. அப்புறம் வாசலுக்கு வர்றா. அப்புறம், அவன் ஏன் போனான்னு யோசிக்கறா. அடுத்த வாரம் நீ என்கிட்ட வந்து கேப்பேன்னு தெரியும். இந்தக் கால் மரத்துப் போற வரைக்கும் மிதிச்சேன்.

— எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

— அவருக்கு நீ வாசிக்கறதே ஆகாது, ஞாபகம் இருக்கா? சாயங்காலம் நீ நோட்டைத் தூக்கிட்டு மெஷின் பக்கத்துல வந்து உக்காந்தா, "இது வீடா, பள்ளிக்கூடமா"ன்னு செருப்பை மாட்டிட்டு வெளிய போயிடுவாரு.

— ஞாபகம் இருக்கு. என்னால சண்டை வந்துச்சா? சொல்லு அக்கா. என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாரா?

— முதல்ல எடிட்டரம்மாவுக்குப் பதில் போடு. திருத்தித் தர்றேன்னு. என் கண்ணு முன்னாடி. அனுப்பினப்புறம் சொல்றேன்.

— இது மிரட்டல்.

— ஆமா.

— திருத்தித் தர்றேன்னு சொல்லிட்டு, நாளைக்குக் கை வரலன்னா?

— வரும். சத்தத்தைப் பதிஞ்சு வச்சுட்டு எழுதினே பாரு, அது வராத கை. நான் சொல்றது அதுக்கு முன்னாடி இருந்த கை. பத்தொன்பது வயசுல என் கால் இல்லாம எழுதின கை. அதுதான் எனக்கு வேணும்.

— இந்தா. பாரு. "திருத்தித் தருகிறேன்." அனுப்பிட்டேன்.

— "கண்டிப்பாக" போடலையே.

— அக்கா!

— சரி. மெஷினுக்குக் கீழ ரெண்டாவது டிராயர். கொஞ்சம் இறுகும், தூக்கி இழு.

— ஜிப்பு. பாபின் டப்பா. எலாஸ்டிக் சுருள்...

— எல்லாத்தையும் எடுத்து வெளிய வை. அடியில பாரு.

— வெள்ளைத் துணியில என்னமோ சுத்தியிருக்கு. நாலு பக்கமும் தையல் போட்டு மூடியிருக்கே?

— கத்திரி இந்தா. மெதுவா பிரி, உள்ள இருக்கறது உதிரும்.

— கரி. கையெல்லாம் கரி. என்னக்கா இது? நீல அட்டை... பாதிதான் இருக்கு. ஒரு நிமிஷம். இது என் கையெழுத்து. பழைய கையெழுத்து. அக்கா, இது என் நோட்டு. இது பஸ்ல—

— பஸ்ல போகலடா, நீ எடுத்துட்டுப் போனதா நான்தான் உன்னை நம்ப வச்சேன். நீ பரிச்சைக்குப் போன அன்னிக்கு மத்தியானம், அவரு அதை அடுப்புல போட்டாரு.

— அப்போ உன் கையில இருக்கறது...

— இஸ்திரிப் பெட்டி சுட்டது இல்ல. பாதியைத்தான் என்னால பிடுங்க முடிஞ்சது. அது புகைஞ்சு அடங்கறதுக்குள்ள அவரோட துணிப் பெட்டியைத் தூக்கி வெளியில வச்சு, அவரையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டேன்.